17 கல், 28,800 துடிப்பு, டூர்பியோன்: மெக்கானிக்கல் வாட்ச்சின் சொற்களைப் படிக்கும் முறை

மெக்கானிக்கல் வாட்ச் ஒன்றின் விவரக்குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ஆட்டோமேட்டிக் காலிபர், 25 ஜுவல்ஸ், 28,800 வி.பி.எச்., பவர் ரிசர்வ் 42 மணி நேரம், ஹேக்கிங் வினாடி, 5 ஏ.டி.எம்." முதல்முறை பார்ப்பவருக்கு இதில் ஒரு சொல்லும் பிடிபடாது. பிடிபடாதபோது எண்ணைப் பார்த்து முடிவு கட்டுகிறோம். 25 கல் என்றால் 17 கல்லைவிட உசத்தி, 'குரோனோகிராஃப்' என்று எழுதியிருந்தால் நேரம் துல்லியமாக இருக்கும் என்றெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டுமே தவறு.

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வாட்ச்சுக்குள் நேரத்தை அளப்பது ஒரே ஒரு ஜோடிதான்: பேலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரமும் அதன் அச்சில் பொருத்திய ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளும். மற்ற பாகங்கள் எல்லாம் இந்த ஜோடிக்குச் சக்தி கொடுக்கின்றன, அல்லது அதன் எண்ணிக்கையை முட்களுக்குக் கொண்டுபோகின்றன, அல்லது அதை வெளியிலிருந்து வரும் தொல்லைகளிலிருந்து காக்கின்றன. எந்தச் சொல்லைக் கண்டாலும் "இது பேலன்ஸுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## சாவி கொடுத்தால் என்ன நடக்கிறது

வாட்ச்சின் பக்கவாட்டில் இருக்கும் குமிழுக்குக் கிரௌன் என்று பெயர். பழைய பாக்கெட் வாட்ச்சுகளுக்கு இந்தக் குமிழ் கிடையாது; தனியாக ஒரு சாவியை நுழைத்துத் திருக வேண்டும். 1840-களில் பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் அட்ரியன் ஃபிலிப் குமிழாலேயே முறுக்கும் அமைப்பை உருவாக்கினார். சாவி போய்விட்டது, 'சாவி கொடுப்பது' என்ற பேச்சு மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

கிரௌனைத் திருகும்போது, பேரல் எனப்படும் வட்ட டப்பாவுக்குள் இருக்கும் மெயின்ஸ்பிரிங் சுருட்டப்படுகிறது. இது நீளமான, தட்டையான உலோக நாடா. இறுக்கிச் சுருட்டினால் விரியப் பார்க்கும். அந்த விரியும் சக்திதான் வாட்ச்சின் எரிபொருள். திருகும்போது காதில் விழும் 'கிர்ர்' ஒலி, 'கிளிக்' என்ற சிறு கொக்கி பல்லுக்குப் பல் விழுவதால் வருவது. ஸ்பிரிங் ஒரே மூச்சில் பின்னோக்கி அவிழ்ந்துவிடாமல் தடுப்பது அந்தக் கொக்கிதான்.

முழுவதும் முறுக்கியபின், மறுபடி முறுக்காமல் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதே பவர் ரிசர்வ். 40 மணி நேரத்தை ஒட்டியது வெகுகாலமாக வழக்கமான அளவு. இன்று 70, 80 மணி நேரம் ஓடுபவையும் இருக்கின்றன.

ஆனால் ஸ்பிரிங்கின் இழுவை முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவில் இருப்பதில்லை. முறுக்கியதும் பலமாக இருக்கும், அவிழ அவிழக் குறையும். இந்த ஏற்றத்தாழ்வு பேலன்ஸைப் பாதிக்கும் என்பதால்தான், கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சுக்குத் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கச் சொல்கிறார்கள். அது வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் ரோட்டர் என்ற அரைவட்டத் தகடு கையசைவுக்கேற்பச் சுழன்று, ஸ்பிரிங்கைத் தானே முறுக்குகிறது. கைக்கடிகாரத்தில் இதைச் சாத்தியமாக்கியவர் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹார்வுட். 1924-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய அமைப்பில் எடைத்தகடு முழுச் சுற்றுச் சுற்றாது, இருபுறமும் மோதித் திரும்பும். முழுவட்டம் சுழலும் ரோட்டரை 1931-ல் ரோலெக்ஸ் கொண்டுவந்தது. இந்த வகையில் மெயின்ஸ்பிரிங்கின் வெளி முனை பேரல் சுவரில் வழுக்கிச் செல்லும்படி அமைத்திருப்பார்கள். அதனால் எவ்வளவு ஆட்டினாலும் அளவுக்கு மீறி முறுகாது. கைமுறுக்கு வாட்ச்சில் அந்த வசதி இல்லை. கிரௌன் இறுகியதும் நிறுத்திவிட வேண்டும்.

## சக்கர வரிசையும் அதன் கணக்கும்

பேரலிலிருந்து சக்தி வரிசையாகச் சில பல்சக்கரங்கள் வழியே போகிறது. ஒவ்வொன்றிலும் பெரிய சக்கரமும், அதே அச்சில் பினியன் என்ற சிறு பல்சக்கரமும் உண்டு. பெரியது அடுத்ததன் பினியனைத் திருப்புவதால், ஒவ்வொரு படியிலும் வேகம் கூடும், பலம் குறையும்.

1. பேரல்: ஒரு சுற்றுக்குப் பல மணி நேரம் எடுக்கும்.
2. சென்டர் வீல்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. வழக்கமான அமைப்பில் நிமிட முள்ளின் வேகம் இங்கிருந்துதான் வருகிறது.
3. தேர்டு வீல்: இடையில் நிற்கும் இணைப்பு.
4. ஃபோர்த் வீல்: நிமிடத்துக்கு ஒரு சுற்று. வினாடி முள் இதன் அச்சில் உட்காரலாம்.
5. எஸ்கேப் வீல்: வரிசையின் கடைசி. பல்லின் வடிவமே வேறு.

ஒரு எளிய எடுத்துக்காட்டில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்டர் வீலுக்கு 80 பல், தேர்டு வீலின் பினியனுக்கு 10 பல் என்றால் வேகம் 8 மடங்கு. தேர்டு வீலுக்கு 75 பல், ஃபோர்த் வீலின் பினியனுக்கு 10 பல் என்றால் 7.5 மடங்கு. 8-ஐ 7.5-ஆல் பெருக்கினால் 60. சென்டர் வீல் ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஃபோர்த் வீல் 60 சுற்றுகிறது. நிமிடமும் வினாடியும் பிறப்பது இப்படித்தான்.

இன்னும் ஒரு படி போகலாம். ஃபோர்த் வீலுக்கு 80 பல், எஸ்கேப் வீலின் பினியனுக்கு 8 பல் என்று வைத்துக்கொண்டால், எஸ்கேப் வீல் நிமிடத்துக்கு 10 சுற்று. அதில் 15 பல் இருந்து, ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு துடிப்பு (பேலன்ஸ் ஒரு பக்கம் ஆடுவது ஒரு துடிப்பு) நடந்தால், நிமிடத்துக்கு 300 துடிப்பு, மணிக்கு 18,000. பழைய வாட்ச்சுகளில் அடிக்கடி காணும் 18,000 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறது அல்லவா? ஃபோர்த் வீலை 96 பல்லாகவும் எஸ்கேப் வீலை 20 பல்லாகவும் மாற்றினால், இதே கணக்கு 28,800 என்று வரும்.

மணி முள்ளுக்குத் தனியாக ஒரு சிறு சக்கரக் கூட்டம் டயலுக்கு அடியில் இருக்கிறது. அது நிமிட முள்ளின் வேகத்தை 12-ல் ஒரு பங்காகக் குறைக்கிறது. அதில் கேனன் பினியன் என்ற குழாய் அச்சின்மேல் இறுக்கமாக, ஆனால் வழுக்கக்கூடிய அளவில் பொருந்தியிருக்கும். கிரௌனை வெளியே இழுத்து முட்களைத் திருப்பும்போது, உள்ளே இருக்கும் சக்கர வரிசை கலையாமல் முட்கள் மட்டும் நகர்வது இந்த வழுக்கலால்தான்.

## எஸ்கேப்மென்ட்: பூட்டித் திறக்கும் வாசல்

தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் மெயின்ஸ்பிரிங் சக்கரங்களைச் சுழற்றி நொடிகளில் காலியாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பல் மட்டுமே நகர அனுமதிக்கும் அமைப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். இன்றைய கைக்கடிகாரங்களில் பெரும்பாலும் இருப்பது லீவர் எஸ்கேப்மென்ட். 1750-களில் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் தாமஸ் மட்ஜ் இதை உருவாக்கினார்.

இதன் நடுவில் இருப்பது பாலெட் ஃபோர்க், நங்கூர வடிவில் ஒரு சிறு நெம்புகோல். இரு கைகளிலும் மாணிக்கத் துண்டுகள். வாலில் ஒரு பிளவு. ஒரு துடிப்பு இப்படி நடக்கிறது:

1. எஸ்கேப் வீலின் ஒரு பல் மாணிக்கத் துண்டின்மேல் முட்டி நிற்கிறது. சக்கர வரிசை முழுதும் அசையாமல் காத்திருக்கிறது.
2. பேலன்ஸ் வீல் சுழன்று வரும்போது அதன் அடியில் உள்ள சிறு மாணிக்க ஊசி ஃபோர்க்கின் பிளவுக்குள் நுழைந்து அதை நகர்த்துகிறது. பூட்டு விடுபடுகிறது.
3. விடுபட்ட பல், மாணிக்கத்தின் சாய்ந்த முகத்தைத் தள்ளிக்கொண்டே நகர்கிறது. அந்தத் தள்ளல் ஃபோர்க் வழியாகப் பேலன்ஸுக்குப் போய்ச் சேர்கிறது. உராய்வில் இழந்த சக்தியை இப்படித்தான் பேலன்ஸ் திரும்பப் பெறுகிறது.
4. எதிர்ப்பக்க மாணிக்கத்தில் அடுத்த பல் வந்து முட்டுகிறது. மறுபடி பூட்டு.

நாம் கேட்கும் 'டிக்' இந்த மோதல்களின் ஒலி. இதில் முக்கியமான விஷயம், தள்ளிவிட்ட அந்தச் சிறு கணம் தவிர மற்ற நேரமெல்லாம் பேலன்ஸ் எதையும் தொடாமல் சுதந்திரமாக ஆடுகிறது. எவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்கிறோமோ, அவ்வளவு சீராக அது நேரம் அளக்கும்.

## பேலன்ஸும் ஹேர்ஸ்பிரிங்கும்: நேரம் பிறக்கும் இடம்

சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் புவியீர்ப்பு நடுவுக்கு இழுக்கிறது. கையில் கட்டியது எல்லாப் பக்கமும் திரும்பும் என்பதால் புவியீர்ப்பை நம்ப முடியாது. அந்த வேலையை ஒரு சுருளிடம் கொடுத்ததுதான் வரலாற்றின் பெரிய திருப்பம். 1675-ல் டச்சு அறிவியலறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சுருள் பேலன்ஸ் ஸ்பிரிங் பொருத்திய வாட்ச்சை வெளியிட்டார். அந்த யோசனை தனக்கே முதலில் வந்தது என்று ஆங்கிலேய அறிவியலறிஞர் ராபர்ட் ஹூக் உரிமை கோரினார். அதற்கு முன்பு வாட்ச்சுகள் நாளுக்குப் பல நிமிடம் தவறின. சுருள் வந்தபின் நிமிட முள் வைப்பதற்கே அர்த்தம் வந்தது.

பேலன்ஸ் வீல் ஒருபுறம் சுழலும்போது சுருள் இறுகி அதைத் திருப்பி அனுப்பும். மறுபுறம் போகும்போது விரிந்து இழுக்கும். இப்படிப் போய் வருவது ஒரு அலைவு. அதில் இரண்டு துடிப்பு. 28,800 வி.பி.எச். என்றால் மணிக்கு 28,800 துடிப்பு, வினாடிக்கு 8. இதையே 4 ஹெர்ட்ஸ் என்றும் எழுதுவார்கள். வினாடி முள் ஒரு வினாடிக்குள் எட்டுச் சிறு அடி எடுத்து வைப்பதால் நம் கண்ணுக்கு அது வழுக்கிப் போவதாகத் தெரிகிறது. 1969-ல் வந்த ஜெனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ மெஷின் 36,000 துடிப்பு கொண்டது. துடிப்பு கூடினால் கையின் குலுக்கல்களை வாட்ச் எளிதில் சமாளிக்கும். ஆனால் தேய்மானம், எண்ணெய்த் தேவை, சக்திச் செலவு எல்லாம் கூடும். ஆகவே அதிகத் துடிப்பு என்பது ஒரு தேர்வு. 18,000-இலும் மிக நன்றாக நேரம் காட்டும் வாட்ச்சுகள் உண்டு.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வாட்ச் வேகமாகவோ மெதுவாகவோ ஓடுவதற்கான காரணங்கள் எல்லாம் இந்த ஜோடியில்தான் சந்திக்கின்றன.

சுருளின் நீளம். செயல்படும் நீளம் குறைந்தால் ஆட்டம் வேகமாகும், கூடினால் மெதுவாகும். ரெகுலேட்டர் என்ற சிறு கையை நகர்த்தி மெக்கானிக் மாற்றுவது இந்த நீளத்தைத்தான். சில வாட்ச்சுகளில் அந்தக் கை கிடையாது. பேலன்ஸ் விளிம்பில் உள்ள சிறு எடைகளைத் திருகிச் சரிசெய்வார்கள். அதற்கு ஃப்ரீ ஸ்ப்ரங் என்று பெயர்.

ஆம்ப்ளிட்யூட். பேலன்ஸ் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் எத்தனை டிகிரி சுழல்கிறது என்பது. முழுதாக முறுக்கிய நல்ல வாட்ச்சைக் கிடையாக வைத்தால் ஏறக்குறைய 270 முதல் 310 டிகிரி வரை இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால், எண்ணெய் காய்ந்தால் இது விழும். ஆட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் எடுத்துக்கொள்ளும் நேரம் மாறாமல் இருப்பதுதான் இலட்சியம். ஐசோகுரோனிசம் என்று சொல்வது இதை. முழுமையாக எட்ட முடியாத இலட்சியம் என்பதால்தான் மெயின்ஸ்பிரிங்கின் தளர்வு நேரத்தில் தெரிகிறது.

வெப்பம். சாதாரண எஃகுச் சுருள் சூட்டில் தளர்ந்து வாட்ச்சை மெதுவாக்கும். இதற்கு வழி கண்டவர் சுவிஸ் இயற்பியலாளர் சார்ல்ஸ் எடுவார் கியோம். வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும் இன்வார், நெகிழ்ச்சி ஏறக்குறைய மாறாத எலின்வார் என்ற உலோகக் கலவைகளை அவர் உருவாக்கினார். 1920-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கைக்கடிகாரத்தின் ஒரு சுருள் எவ்வளவு பெரிய அறிவியலைக் கேட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நிலை. டயல் மேலே பார்க்க வைத்தபோது ஒரு வேகம், கிரௌன் கீழே பார்க்க நிறுத்தியபோது இன்னொரு வேகம். எடை மயிரிழை ஒருபக்கம் சாய்ந்தாலும், அச்சின் உராய்வு மாறினாலும் இது நடக்கும்.

காந்தம். இது இன்று அதிகம் நடக்கும் கோளாறு. ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த பை, டேப்லெட் உறை என்று சுற்றிலும் காந்தம். எஃகுத் தன்மை கொண்ட சுருளின் வளையங்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் செயல்படும் நீளம் குறையும், வாட்ச் திடீரென்று ஓட்டம் பிடிக்கும். அண்மைக்காலத்தில் சில நிறுவனங்கள் சிலிக்கான் சுருளுக்கு மாறியதற்கு இது ஒரு பெரிய காரணம். சிலிக்கானைக் காந்தம் பாதிக்காது.

## கல் எண்ணிக்கை என்ன சொல்கிறது

அச்சுகளின் முனைகள் உலோகத் துளையில் சுழன்றால் சீக்கிரம் தேயும். கடினமான, வழவழப்பான மாணிக்கத்தில் சுழன்றால் தேயாது, எண்ணெயும் நிற்கும். 1704-ல் நிக்கோலாஸ் ஃபாசியோ என்ற கணித அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றனர். 1902-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்ட் வெர்னுயி செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தபின் கல் மலிவானது. இன்று வாட்ச்சில் இருப்பவை செயற்கைக் கற்களே. நகைக்கான மதிப்பு அவற்றுக்கு இல்லை.

'17 கல்' என்ற புகழ்பெற்ற எண்ணைப் பிரித்தால்:

1. பேலன்ஸ் அச்சுக்கு 4 (இரு துளைக்கல், இரு மூடிக்கல்)
2. பேலன்ஸின் ஊசிக்கல் 1
3. பாலெட் ஃபோர்க்கின் கைகளில் 2, அதன் அச்சுக்கு 2
4. எஸ்கேப், ஃபோர்த், தேர்டு, சென்டர் ஆகிய நான்கு சக்கரங்களுக்கு இரண்டிரண்டாக 8

கூட்டினால் 17. கைமுறுக்கு வாட்ச் ஒன்றில் கல் தேவைப்படும் இடமெல்லாம் நிறைந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் பகுதி சேர்ந்தால் அதன் சக்கரங்களுக்கும் கல் வேண்டும், எண்ணிக்கை 21, 25 என்று ஏறும். குரோனோகிராஃப் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆக, கல் எண்ணிக்கை மெஷினில் எத்தனை அச்சு இருக்கிறது என்பதையே சொல்கிறது. தரத்தை அதில் தேடக் கூடாது.

பேலன்ஸ் அச்சின் முனை தலைமுடிப் பருமனை ஒட்டியது. வாட்ச் கீழே விழுந்தால் முதலில் உடைவது அதுதான். அதனால் அந்தக் கற்களை மட்டும் ஒரு சிறு ஸ்பிரிங்கில் மிதக்கவிடுகிறார்கள். 1930-களில் வந்த இன்கப்லாக் என்ற அமைப்பு இதில் பெயர் பெற்றது. 'ஷாக் புரூஃப்' என்று பழைய டயல்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைத்தான் குறிக்கும்.

## அடிக்கடி குழப்பும் சொற்கள்

மூவ்மென்ட், காலிபர்: மெஷின் முழுவதும் மூவ்மென்ட். அதன் மாடல் காலிபர்.

குரோனோகிராஃப், குரோனோமீட்டர்: முதலாவது ஸ்டாப்வாட்ச் வசதி. இரண்டாவது துல்லியச் சான்று. ஒன்று இருந்தால் மற்றது இருக்க வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் 1973-ல் தொடங்கிய கோஸ்க் என்ற அமைப்பு, மெஷினை 15 நாள், 5 நிலைகளில், 8, 23, 38 டிகிரி செல்சியஸில் சோதிக்கிறது. சராசரியாக நாளுக்கு 4 வினாடி பின்னடைவிலிருந்து 6 வினாடி முன்னேற்றத்துக்குள் இருந்தால்தான் அங்கே குரோனோமீட்டர் சான்று.

ஹேக்கிங்: கிரௌனை இழுத்ததும் வினாடி முள் நிற்பது. ஒரு நெம்புகோல் பேலன்ஸைத் தொட்டு நிறுத்துகிறது. வினாடி சுத்தமாக நேரம் வைக்க உதவும்.

காம்ப்ளிகேஷன்: மணி, நிமிடம், வினாடி தவிர வாட்ச் காட்டும் எதுவும். தேதி முதல் பெர்பெச்சுவல் காலண்டர்வரை இதில் அடங்கும். பெர்பெச்சுவல் காலண்டர் லீப் ஆண்டையும் தானே கணக்கிடும். ஆனால் 2100 லீப் ஆண்டு இல்லை என்பதால் பெரும்பாலானவற்றை அந்த ஆண்டு கையால் திருத்த வேண்டும். நிலாவைக் காட்டும் தட்டுக்கு வழக்கமாக 59 பல், இரண்டு நிலா. அதாவது நாளுக்கு ஒரு பல் நகர்ந்தால் மாதத்துக்கு 29.5 நாள். உண்மை மாதம் அதைவிட ஏறக்குறைய 44 நிமிடம் நீளம் என்பதால், இரண்டரை ஆண்டு கடந்ததும் ஒரு நாள் பிசகும்.

டூர்பியோன்: பேலன்ஸையும் எஸ்கேப்மென்ட்டையும் ஒரு கூண்டில் வைத்து, அந்தக் கூண்டையே சுழற்றுவது. பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு சுற்று. 1801-ல் கடிகாரக் கலைஞர் ஆபிரகாம் லூயி பிரெகே காப்புரிமை பெற்றார். சட்டைப் பையில் நாள் முழுக்க ஒரே நிலையில் நிமிர்ந்து நிற்கும் வாட்ச்சில், நிலையால் வரும் பிழையைச் சுழற்றிச் சராசரியாக்குவது அவர் நோக்கம். கைக்கடிகாரம் தானாகவே எல்லாப் பக்கமும் திரும்புகிறது, அதனால் அங்கே துல்லியத்துக்கு இதன் பங்கு சிறிது. ஆனால் அவ்வளவு சிறிய கூண்டைச் சமன் குலையாமல் செய்யும் கைத்திறன் மகத்தானது. அதற்காகவே அது மதிக்கப்படலாம்.

## வெளிப்புறம், சுருக்கமாக

உடல் கேஸ், பட்டையைப் பிடிக்கும் கொம்புகள் லக், கண்ணாடியைச் சுற்றிய வளையம் பெசல். கண்ணாடியில் சஃபையர் மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் 9, அதனால் எளிதில் கீறாது. அக்ரிலிக் கீறும், ஆனால் சில்லுச் சில்லாக உடையாது, தேய்த்து மெருகேற்றவும் முடியும்.

நீர்த்தடைதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. '30 மீட்டர்' (இதையே 3 ஏ.டி.எம்., அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 3 மடங்கு என்றும் எழுதுவார்கள்) என்பது அசையாத நீரின் அழுத்தத்தில் செய்த சோதனை. கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கு அது போதும், நீந்துவதற்கு அது போதாது. உள்ளே நீரைத் தடுப்பவை ரப்பர் வளையங்கள். அவை காலப்போக்கில் இறுகி விரிசல் விடும். டயலில் எழுதிய எண் அழியாமல் இருக்கும், தடுப்பு போயிருக்கும்.

## அறிகுறியிலிருந்து பாகத்துக்கு

ஒரு நாளுக்கு 86,400 வினாடி. அதில் 5 வினாடி தவறுவது 0.006 சதவீதத்துக்கும் குறைவு. வினாடிக்கு 32,768 முறை அதிரும் க்வார்ட்ஸ் படிகத்தோடு மெக்கானிக்கல் வாட்ச் போட்டியிட முடியாது. சுருளும் சக்கரமும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்குவதே பெரிய காரியம்.

வாட்ச் தடுமாறும்போது எங்கே பார்ப்பது?

1. நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று நாளுக்குப் பல நிமிடம் முன்னே ஓடுகிறது: முதல் சந்தேகம் காந்தம். திசைகாட்டியின் அருகே கொண்டுபோனால் ஊசி துள்ளும். காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் கருவியில் ஒரு நிமிட வேலை. திறக்கவே வேண்டாம்.
2. முழுதாக முறுக்கியும் சீக்கிரம் நிற்கிறது, மெல்ல மெல்லப் பின்தங்குகிறது: எண்ணெய் காய்ந்திருக்கலாம். ஆம்ப்ளிட்யூட் விழுந்திருக்கும். சர்வீஸ் வேண்டும்.
3. மெஷின் ஓடுகிறது, வினாடி முள்ளும் நகர்கிறது, நிமிட முள் பின்தங்குகிறது: கேனன் பினியன் தளர்ந்திருக்கிறது. பேலன்ஸில் குறை இல்லை; ரெகுலேட்டரைத் தொட்டால் கெட்டுத்தான் போகும்.
4. தேதி நள்ளிரவில் மாறாமல் பாதியில் நிற்கிறது: இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே தேதிச் சக்கரத்தின் பல் கோத்திருக்கும். அந்த நேரத்தில் கிரௌனால் தேதியைத் தள்ளியிருந்தால் பல் முறிந்திருக்கலாம்.
5. ஒன்றும் தெரியவில்லை, நன்றாகவே ஓடுகிறது: அப்போதும் எண்ணெய் வயதாகிக்கொண்டுதான் இருக்கிறது. 28,800 துடிப்பு வாட்ச் ஓராண்டில் 25 கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு முறையும் எஸ்கேப் வீலின் பல் மாணிக்கத்தின்மேல் உரசுகிறது, இடையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு எண்ணெய்ப் படலம்.